தரவரிசையின் கீழ்த்தட்டில் ஆடும் ஹங்கேரி டென்னிஸ் வீரரின் ஆட்டவாழ்வை வாசிப்பது எப்படி?

ஹங்கேரி டென்னிஸைப் பற்றிப் பேசும்போது சில பெயர்கள் உடனே நினைவுக்கு வரும். 1947இல் பிரெஞ்சுப் பட்டத்தை வென்ற யோசெஃப் அஷ்போட், அதே பட்டத்தை 1958இல் மகளிர் பிரிவில் வென்ற ஷுஷா கொர்மொட்சி, 1985இல் விம்பிள்டன் இரட்டையர் பட்டம் பெற்ற பலாஷ் தாரோட்சி, 2021இல் விம்பிள்டன் கால் இறுதி வரை சென்ற மார்ட்டோன் ஃபுச்சோவிச் ஆகியோர் அவர்களுள் முக்கியமானவர்கள். இவர்களைப் பற்றி எழுதுவதற்கு வேண்டிய செய்திகள் எளிதில் கிடைக்கும். ஆனால் தரவரிசையில் 300க்கும் 1000க்கும் இடையே பத்து ஆண்டுகள் ஆடிவிட்டு, தொலைக்காட்சியில் ஒருமுறைகூடத் தோன்றாமல் விலகிச் செல்லும் ஹங்கேரி வீரர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றிக் கட்டுரையோ கலைக்களஞ்சியப் பக்கமோ எழுத முற்படுவோரும், அவருடைய ஆட்டங்களைத் தொடர்ந்து கவனிக்க விரும்புவோரும், பெரும்பாலும் அவர் தொட்ட உச்சத் தரவரிசையைப் பார்த்துவிட்டு அத்துடன் நின்றுவிடுகிறார்கள். உச்சத் தரவரிசை என்பது ஒரே ஒரு திங்கட்கிழமையின் கணக்கு. ஆட்டவாழ்வு என்பதோ சில நூறு வாரங்களால் ஆனது. அந்த வாரங்களை எப்படி வாசிப்பது என்பதையே இந்தக் கட்டுரை விளக்குகிறது.

ஆளை உறுதிசெய்துகொள்ளுங்கள்

ஹங்கேரியில் நம் பழைய வழக்கத்தைப் போலவே குடும்பப் பெயர் முன்னாலும் தனிப்பெயர் பின்னாலும் வரும். ஹங்கேரி நாளிதழ்கள் ஃபுச்சோவிச் மார்ட்டோன் என்று எழுதுபவரைப் பன்னாட்டுப் பதிவுகள் மார்ட்டோன் ஃபுச்சோவிச் என்று எழுதும். இதனால் நேரும் குழப்பம் சிறியதன்று. பலாஷ் என்பது தாரோட்சிக்குத் தனிப்பெயர். 2019இல் குரோவேஷியாவின் உமாக் நகரில், ஆடவர் தொழில்முறை டென்னிஸ் அமைப்பான ஏடிபியின் போட்டியொன்றில் இறுதி ஆட்டம் வரை சென்ற அட்டிலா பலாஷுக்கோ அது குடும்பப் பெயர். எனவே இரு வரிசையிலும் தேடிப் பார்க்க வேண்டும். எழுத்துகளின் மேல் இடப்படும் குறிகளோடு ஒருமுறையும் அவை இல்லாமல் ஒருமுறையும் தேட வேண்டும். ஒரே பெயரில் இருவர் இருக்கும் வாய்ப்பு உண்டு என்பதால், பிறந்த ஆண்டையும் இளையோர் போட்டிகளில் ஆடிய ஆண்டுகளையும் ஒப்பிட்ட பிறகே, ஒரு முடிவு இவருடையதுதான் என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

ஏடிபியின் பக்கம் மட்டும் போதாது. கீழ்த்தட்டு வீரருடைய பெரும்பாலான ஆட்டங்கள் பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்பான ஐடிஎஃப் நடத்தும் தொடர்களிலேயே நடப்பதால், தகுதிச் சுற்றுத் தோல்விகள் உட்பட முழுப் பட்டியலும் ஐடிஎஃப் பதிவில்தான் கிடைக்கும். தகுதிச் சுற்றில் தோற்ற வாரங்களை விட்டுவிட்டு வாசித்தால், அவர் ஆண்டுக்குப் பத்து வாரங்களே ஆடினார் என்ற தவறான எண்ணம் ஏற்படும். உண்மையில் அவர் முப்பது வாரங்கள் பயணத்தில் இருந்திருப்பார்.

ஏணியின் படிகள்

தொழில்முறை ஆடவர் டென்னிஸின் அடிப்படியில் இருப்பவை எம்15, எம்25 எனப்படும் ஐடிஎஃப் போட்டிகள்; எம்15 என்பது மொத்தப் பரிசுத்தொகை 15,000 டாலராக உள்ள போட்டி. அவற்றுக்கு மேலே 50 முதல் 175 வரை எண்ணிடப்பட்ட சாலஞ்சர் போட்டிகளும், அவற்றுக்கும் மேலே 250, 500, 1000 என ஏடிபி போட்டிகளும், உச்சியில் நான்கு கிராண்ட் ஸ்லாம் போட்டிகளும் உள்ளன. மகளிர் பிரிவில் டபிள்யூ15, டபிள்யூ35, டபிள்யூ50, டபிள்யூ75, டபிள்யூ100 என்று படிகள் செல்லும். 2023 வரை இவற்றுள் சில 25, 60, 80 என வேறு எண்களால் குறிக்கப்பட்டதை நினைவில் கொண்டால், பழைய பட்டியலைப் பார்க்கும்போது குழப்பம் வராது.

புள்ளிகளைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு எம்15 வாரத்தை எடுத்துக்கொண்டால் போதும். முதன்மைச் சுற்றில் 32 பேர் ஆடுவார்கள். முதல் ஆட்டத்தில் வென்றால் 1 புள்ளி, கால் இறுதியை எட்டினால் 2, அரையிறுதியை எட்டினால் 4, இறுதியில் தோற்றால் 8, பட்டம் வென்றால் 15. கிராண்ட் ஸ்லாம் முதன்மைச் சுற்றில் நேரடி இடம் பெற்று முதல் ஆட்டத்திலேயே தோற்பவருக்கு 10 புள்ளிகள் கிடைக்கும். அதாவது, அரையிறுதி வரை மூன்று ஆட்டங்களை வென்ற எம்15 வீரர், பெரிய மேடையில் ஒரு ஆட்டத்தையும் வெல்லாதவரைவிடக் குறைவாகவே பெறுகிறார். இந்த இடைவெளி மனத்தில் பதிந்த பிறகுதான், 600ஆம் இடத்திலிருந்து 400ஆம் இடத்துக்கு ஏறுவது எவ்வளவு உழைப்பைக் கோருவது என்பது விளங்கும்.

புள்ளிகள் 52 வாரங்களில் காலாவதியாகிவிடும் என்பதும், ஓர் ஆண்டில் ஆடிய அத்தனை போட்டிகளும் சேராமல் சிறந்த முடிவுகள் மட்டுமே கணக்கில் வரும் என்பதும் அடுத்ததாகத் தெரிந்துகொள்ள வேண்டியவை. ஒருவர் 450ஆம் இடத்திலிருந்து திடீரென 620க்குச் சரிந்திருந்தால், அந்த வாரத்தில் அவர் மோசமாக ஆடினார் என்று எழுதிவிடக் கூடாது. சென்ற ஆண்டு அதே வாரத்தில் அவர் வென்ற ஒரு பட்டத்தின் புள்ளிகள் கழிந்திருக்கலாம். ஆகவே தரவரிசை வரைபடத்தில் ஒவ்வொரு சரிவைக் காணும்போதும், சரியாக ஓராண்டுக்கு முந்தைய வாரத்தைத் திருப்பிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

விதிகள் மாறிய ஆண்டுகள்

வெவ்வேறு காலங்களில் ஆடிய இருவரை எண்களைக் கொண்டு மட்டும் ஒப்பிடுவது, நான் பார்த்த வாழ்க்கைக் குறிப்புகளில் அடிக்கடி தென்படும் பிழை. அடிமட்டப் போட்டிகள் ஃபியூச்சர்ஸ் என்று அழைக்கப்பட்ட காலத்தில், 2016 வரை மிகச் சிறிய போட்டியின் மொத்தப் பரிசுத்தொகை 10,000 டாலர். 2017 முதல் அது 15,000 டாலர் ஆயிற்று. 2018இல் அத்தகைய ஒரு போட்டியை வென்றவருக்கு 18 தரவரிசைப் புள்ளிகள் கிடைத்தன. 2019இன் தொடக்கத்தில் ஐடிஎஃப் கொண்டுவந்த சீர்திருத்தம் 15,000 டாலர் போட்டிகளிலிருந்து ஏடிபி புள்ளிகளை அடியோடு நீக்கியது. பல நாட்டு வீரர்களும் எதிர்த்ததால் அதே ஆண்டு ஆகஸ்டில் புள்ளிகள் திரும்ப வந்தன, ஆனால் பட்டம் வென்றவருக்கு 10 புள்ளிகள்தான். 2023 முதல் அது 15 ஆனது. ஆகவே ஒரே வகைப் பட்டம் ஆண்டைப் பொறுத்து 18, 0, 10, 15 என்று நான்கு விதமாக மதிப்பிடப்பட்டிருக்கிறது.

2019இன் முதற்பாதியில் ஒரு ஹங்கேரி வீரரின் ஏடிபி தரவரிசை காணாமல் போயிருந்தால், அவர் ஓய்வு பெற்றுவிட்டதாகவோ காயமடைந்ததாகவோ எண்ணிவிட வேண்டாம். அதே மாதங்களில் ஐடிஎஃப் தனியாக நடத்திய தரவரிசையில் அவர் பெயர் இருந்திருக்கும். அதேபோல 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பெருந்தொற்றினால் தரவரிசையே உறைந்து நின்றது, அதன் பின்னரும் சில காலம் பழைய புள்ளிகள் வழக்கத்தைவிட நீண்ட நாள் செல்லுபடியாயின. அந்தக் காலத்தில் ஒருவர் தன் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டார் என்று எழுதுவதில் பொருளில்லை. 2020இல் 76ஆம் இடத்தைத் தொட்ட அட்டிலா பலாஷின் உச்சமும் இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டியதுதான். 1988இல் பிறந்த அவர், முப்பதைக் கடந்த பிறகு தன் சிறந்த டென்னிஸை ஆடிக்கொண்டிருந்த வேளையில் உலகமே ஆட்டத்தை நிறுத்தியது.

பணக் கணக்கு

பதிவுகளில் மொத்தப் பரிசுத்தொகை என்று ஓர் எண் இருக்கும். எட்டு ஆண்டுகள் ஆடியவருக்கு அது 80,000 டாலராக இருந்தால், பார்க்கிறவர்களுக்கு நல்ல தொகையாகவே தோன்றும். கீழ்த்தட்டு வீரரின் ஆட்டவாழ்வைப் புரிந்துகொள்ளும் முயற்சியில் இந்த எண்ணைப் பிரித்துப் பார்ப்பதே தலையாய வேலை என்பது என் கருத்து. மற்ற எதையும் விட இது அவருடைய முடிவுகளுக்கான காரணங்களை வெளிச்சமாக்கும்.

15,000 டாலர் போட்டியில் ஒற்றையர் பட்டம் வென்றவர் பெறுவது 2,160 டாலர். இறுதியில் தோற்றவருக்கு 1,272, அரையிறுதியில் தோற்றவர்களுக்கு 752, கால் இறுதியில் 438, இரண்டாம் சுற்றில் 258, முதல் சுற்றில் 156 டாலர். தகுதிச் சுற்றிலேயே தோற்றவர் வெறுங்கையோடு திரும்புவார். இந்தத் தொகைகளிலிருந்து போட்டி நடக்கும் நாட்டின் வரி பெரும்பாலும் அங்கேயே பிடிக்கப்படும். பதிவில் காணப்படும் எண் வரி கழிப்பதற்கு முந்தையது.

செலவுப் பக்கத்துக்கு வருவோம். ஐடிஎஃப் 2013ஆம் ஆண்டை வைத்துச் செய்த ஆய்வில், ஓர் ஆடவர் ஓராண்டு தொடர்ந்து ஆடுவதற்குப் பயணம், தங்கல், உணவு, கருவிகள் எனச் சராசரியாக 38,800 டாலர் ஆனதாகக் கண்டறிந்தது. பயிற்சியாளருக்குத் தர வேண்டிய ஊதியம் இதில் சேராது. வரவும் செலவும் சமமாகும் எல்லை ஆடவரில் 336ஆம் இடம் என்றும் மகளிரில் 253ஆம் இடம் என்றும் அதே ஆய்வு காட்டியது. மேலே சொன்ன 2,160 டாலரை இந்த 38,800 டாலருக்கு அருகில் வையுங்கள்: பழைய செலவை ஈடுகட்டவே ஓராண்டில் பதினெட்டு பட்டங்கள் வேண்டும். ஓராண்டில் பதினெட்டு பட்டங்களை வெல்லக்கூடிய ஒருவர் அந்தப் படியிலேயே நின்றுகொண்டிருக்க மாட்டார். அந்தப் படியில் ஆடுகிறவர் வேறு எங்கிருந்தோ பணம் பெற்றாக வேண்டும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அப்படியானால் எதற்காக ஆடுகிறார்கள் என்ற கேள்விக்கு, படிகளுக்கு இடையே உள்ள பெரும் தாவல் ஒரு பகுதி விடையைத் தருகிறது. 2024 விம்பிள்டனில் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றவருக்கே 15,000 பவுண்டும், முதன்மைச் சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றவருக்கு 60,000 பவுண்டும் கிடைத்தன. ஆடவர் தகுதிச் சுற்றில் 128 பேருக்கு இடமுண்டு. ஏறத்தாழ 220 அல்லது 230ஆம் இடம் வரை இருப்பவர்கள் அதனுள் நுழைந்துவிடலாம். ஆகவே 350இல் இருப்பவருக்கும் 220இல் இருப்பவருக்கும் திறமையில் உள்ள வேறுபாடு சிறியதாக இருந்தாலும், ஆண்டு வருமானத்தில் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. ஏடிபி 2024இலிருந்து முதல் 250 இடங்களில் உள்ளவர்களுக்குக் குறைந்தபட்ச ஆண்டு வருமானத்தை உறுதிசெய்யத் தொடங்கியதும் இந்த எல்லைக்கோட்டை இன்னும் கூர்மையாக்கியிருக்கிறது. நீங்கள் எழுதும் வீரர் அந்தக் கோட்டுக்கு எவ்வளவு நெருங்கினார், எத்தனை வாரங்கள் நெருங்கி நின்றார், எந்த வாரத்தில் விலகினார் என்பதைத் தேடுங்கள். பல ஆட்டவாழ்வுகளின் திருப்பம் அங்கேதான் இருக்கும்.

ஹங்கேரியைப் பொறுத்தவரை நாணயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்நாடு 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் யூரோவை ஏற்கவில்லை. வீட்டு வாடகையும் உள்ளூர்ப் பயிற்சிக் கட்டணமும் ஹங்கேரி நாணயமான ஃபோரிண்டில் செல்கின்றன, பரிசு டாலரிலோ யூரோவிலோ வருகிறது. 2022 அக்டோபரில் ஒரு யூரோ 430 ஃபோரிண்டைத் தாண்டியபோது, வெளிநாட்டில் சம்பாதித்து ஊரில் செலவழித்தவருக்கு அது ஆதாயம். ஊரில் குடும்பத்தார் ஃபோரிண்டில் சேர்த்த பணத்தைக் கொண்டு வெளிநாட்டு விடுதிக்கு யூரோவில் கட்டியவருக்கு அதே அளவு இழப்பு. கீழ்த்தட்டு வீரர்களில் பெரும்பாலோர் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்கள்.

ஊர்ப் பெயர்கள் சொல்வது என்ன?

ஆட்டப் பட்டியலில் துருக்கியின் அன்டால்யா, துனீசியாவின் மொனாஸ்டிர், எகிப்தின் ஷார்ம் எல் ஷேக் ஆகிய மூன்று ஊர்களும் மீண்டும் மீண்டும் வந்தால் வியக்க வேண்டாம். அங்கே கடற்கரை விடுதிகளை ஒட்டிய ஆடுகளங்களில் வாரந்தோறும் அடுத்தடுத்து 15,000 டாலர் போட்டிகள் நடத்தப்பட்டு வந்துள்ளன. ஒருமுறை விமானச் சீட்டு வாங்கிவிட்டால் மூன்று நான்கு வாரங்கள் ஊர் மாறாமல் ஆடலாம். முதல் வாரம் தோற்றாலும் அடுத்த வாரத்துக்குப் புதிய பயணச் செலவு இல்லை. ஐரோப்பாவின் நடுப்பகுதியில் பனி பெய்யும் மாதங்களில் ஹங்கேரி வீரருடைய பெயர் அங்கே காணப்படுவது அதனால்தான். ஆனால் ஒரே ஊரில் ஒரே முகங்களோடு ஆடுவதில் ஒரு குறை உண்டு: வெல்லும் புள்ளிகள் சிறியவை, எதிராளியின் தரமும் பெரிதாக மாறாது. ஒருவர் இரண்டு மூன்று ஆண்டுகள் இந்த ஊர்களிலேயே தங்கிவிட்டாரா, அல்லது அங்கே திரட்டிய புள்ளிகளைக் கொண்டு சாலஞ்சர் தகுதிச் சுற்றுகளுக்குத் துணிந்து சென்றாரா என்பதைப் பட்டியலிலிருந்தே கண்டுகொள்ளலாம். அந்தத் துணிவுக்கு விலை உண்டு. சாலஞ்சர் தகுதிச் சுற்றில் தோற்ற வாரம் பெரும்பாலும் புள்ளியில்லாத வாரம்.

கோடையில் வரைபடம் சுருங்கும். ஹங்கேரிக்கு ஏழு அண்டை நாடுகள் உள்ளன. 2007 டிசம்பரில் ஷெங்கன் பகுதியில் சேர்ந்த பின்பு ஆஸ்திரியாவுக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் ஸ்லோவேனியாவுக்கும் எல்லைச் சோதனையின்றிக் காரிலேயே சென்று ஆடிவிட்டுத் திரும்ப முடிந்தது. இந்தப் பகுதியில் கோடைக்காலப் போட்டிகள் பெரும்பாலும் களிமண் தரையில் நடப்பதால், ஹங்கேரி வீரரின் பதிவில் களிமண் ஆட்டங்களின் எண்ணிக்கை மிகுந்திருப்பது இயல்பு. எனவே அவரைக் களிமண் வல்லுநர் என்று முத்திரை குத்துவதற்கு முன், ஒவ்வொரு தரையிலும் வெற்றி விகிதம் என்ன என்று கணக்கிடுங்கள். அவர் களிமண்ணில் நிறைய ஆடினார் என்பதும் அதில் சிறந்தவர் என்பதும் ஒன்றல்ல.

சொந்த நாட்டில் நடக்கும் போட்டிகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். புடாபெஸ்டில் 2017 முதல் 2019 வரை ஏடிபி 250 போட்டி நடந்தது. புடாபெஸ்டிலும் செகெஷ்ஃபெஹெர்வாரிலும் சாலஞ்சர் போட்டிகள் நடந்துள்ளன. இத்தகைய வாரங்களில் நடத்துநர்கள் உள்ளூர் வீரர்களுக்கு வைல்டு கார்டு, அதாவது தரவரிசை பாராத நேரடி இடம், தருவது வழக்கம். தரவரிசையால் எட்ட முடியாத முதன்மைச் சுற்றில் ஒருவர் ஆடியிருந்தால், பெயருக்கு அருகில் வைல்டு கார்டுக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். அது அவருக்கு இழுக்கன்று. சொந்த நாட்டில் பெரிய போட்டி ஒன்று நடப்பதும், அது மூன்றே ஆண்டுகளில் இல்லாமல் போவதும் கீழ்த்தட்டு வீரரின் வாழ்வை நேராகத் தொடும் செய்திகள் என்பதால், அதை வெளிப்படையாகவே எழுதலாம்.

புள்ளிப் பட்டியலுக்கு வெளியே

இரட்டையர் ஆட்டத்தைப் பின்குறிப்பாகத் தள்ளிவிடும் பழக்கம் ஹங்கேரி வீரர்களுக்குச் சற்றும் பொருந்தாது. திமேயா பபோஷ் 2018இல் இரட்டையர் தரவரிசையில் உலகின் முதலிடத்தை அடைந்தவர். கிறிஸ்டினா மிளாடெனோவிச்சுடன் இணைந்து நான்கு கிராண்ட் ஸ்லாம் இரட்டையர் பட்டங்களை வென்றவர். கீழ்த்தட்டிலும் இதே வழி சிறிய அளவில் உண்டு. ஒற்றையர் முதல் சுற்றில் தோற்ற வாரத்தில் இரட்டையர் இறுதிக்குச் சென்றவர், விடுதிச் செலவின் ஒரு பகுதியையாவது மீட்டுக்கொண்டிருப்பார். இணை ஆட்டக்காரரின் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஹங்கேரி இணையோடு தொடர்ந்து ஆடியிருந்தால், அவர்கள் பயணத்தையும் அறை வாடகையையும் பயிற்சி நேரத்தையும் பகிர்ந்துகொண்டிருக்க வாய்ப்பு மிகுதி.

நாடுகளுக்கு இடையிலான ஆடவர் அணிப் போட்டியான டேவிஸ் கோப்பை தனிக்கவனத்துக்கு உரியது. ஹங்கேரி போன்ற நாட்டில் அணியின் இரண்டாம் ஒற்றையர் இடம் நூற்றுக்கும் இருநூறுக்கும் அப்பால் உள்ள ஒருவருக்குக் கிடைக்கக்கூடும். அந்த ஒரு வார இறுதியில் அவர் முன்னணி வீரர்களைச் சந்திப்பார். 2020 மார்ச்சில் டெப்ரெட்சென் நகரில் ஹங்கேரி பெல்ஜியத்தை 3-2 என வென்று இறுதிக் கட்டப் போட்டிக்குத் தகுதி பெற்றது. அந்த இறுதிக் கட்டம் 2021 நவம்பரில் துரினில் நடந்தபோது, தரவரிசையில் மிகவும் கீழே இருந்த ஷோம்போர் பிரோஷ் ஆஸ்திரேலியாவின் ஜான் மில்மேனை வென்றார். அவருடைய வாரவாரத் தரவரிசை வரைபடத்தில் இந்த வெற்றி தன் அளவுக்கு ஏற்ற தடத்தைப் பதிக்கவில்லை. வரைபடத்தை மட்டும் பார்த்து எழுதுகிறவர் அதைத் தவறவிட்டுவிடுவார்.

ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி ஆகிய நாடுகளின் கிளப் லீக் ஆட்டங்களும் அப்படித்தான். நடு ஐரோப்பிய வீரர்கள் பலர் கோடை வார இறுதிகளில் ஒரு கிளப்புக்காக ஆடி ஊதியம் பெறுகிறார்கள். அதற்குத் தரவரிசைப் புள்ளியும் இல்லை, ஏடிபி பதிவில் இடமும் இல்லை. ஜூலையில் ஒருவர் மூன்று வாரங்கள் எந்தப் போட்டியிலும் இல்லை என்றால், அந்த லீக்குகளின் முடிவுப் பட்டியலில் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள். சில ஆண்டுகளில் அவருடைய நிலையான வருமானம் அதுவாகவே இருந்திருக்கும்.

இளமைப் பட்டங்களும் காத்திருப்பும்

இளையோர் சாம்பியன் பட்டம் ஒன்று இருந்துவிட்டால், வாழ்க்கைக் குறிப்பு எழுதுவோர் அதையே அளவுகோலாக்கிப் பின்னர் நடந்த அனைத்தையும் ஏமாற்றம் என்று தீர்ப்பளித்துவிடுகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. ஃபுச்சோவிச் 2010இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்றார். முதல் நூறு இடங்களுக்குள் வந்தது 2017இல்தான். அதற்கு அடுத்த ஆண்டு ஜெனிவாவில், தாரோட்சிக்குப் பின் ஏடிபி ஒற்றையர் பட்டம் வென்ற முதல் ஹங்கேரி ஆடவர் ஆனார். பிரோஷ் 2017இல் ஆஸ்திரேலிய ஓபன் இளையோர் பட்டத்தைப் பெற்றார்; அவருடைய முதல் சாலஞ்சர் பட்டம் 2022இல் பின்லாந்தின் தம்பேரேயில் வந்தது. ஃபாபியான் மரோஷான் 2023 மே மாதம் ரோமில் தகுதிச் சுற்றிலிருந்து மேலேறி வந்து, 135ஆம் இடத்தில் இருந்தபடியே ஸ்பெயினின் முன்னணி வீரர் கார்லோஸ் அல்கராசை நேர் செட்களில் வென்றபோது, அதைத் திடீர் அதிசயம் என்று உலகம் எழுதியது. அதற்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகளின் ஐடிஎஃப், சாலஞ்சர் முடிவுகளை வரிசையாகப் படித்தவர்களுக்கு அவர் படிப்படியாக ஏறி வந்த பாதை தெரிந்திருக்கும்.

ஏறாமலே முடிந்த பாதைகளையும் இதே பொறுமையோடு படிக்க வேண்டும். ஹங்கேரி வீராங்கனை ரேகா லூட்சா யானி போன்றவர்கள் ஐடிஎஃப் போட்டிகளில் இருபதுக்கும் மேற்பட்ட ஒற்றையர் பட்டங்களை வென்றும் பொதுவெளியில் அறியப்படாமலே இருந்தார்கள். இருபது முறை ஒரு வாரத்தின் கடைசி ஆட்டத்தை வெல்வது என்பது அரிய செயல்.

இடைவெளிகளை நிரப்பும் முறை

பட்டியலில் ஆறு மாத வெற்றிடம் இருந்தால், காரணத்தை ஊகித்து எழுதிவிடாதீர்கள். காயத்தால் குறைந்தது ஆறு மாதங்கள் ஆடாதவர், பாதுகாக்கப்பட்ட தரவரிசைக்கு விண்ணப்பிக்க முடியும். காயத்துக்குப் பிந்தைய முதல் மூன்று மாதங்களின் சராசரி இடத்தைக் கொண்டு, திரும்பி வந்தபின் குறிப்பிட்ட சில போட்டிகளில் நுழையலாம். அவர் திரும்பிய பிறகு தரவரிசைக்கு மீறிய போட்டிகளில் பாதுகாக்கப்பட்ட தரவரிசைக்கான குறியோடு நுழைந்திருந்தால், காயமே காரணம் என்று துணிந்து சொல்லலாம். குறி இல்லையென்றால், இடைவெளிக்கு முந்தைய கடைசி ஆட்டத்தில் பாதியில் விலகினாரா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் அவர் படிப்புக்கோ பயிற்சியாளர் வேலைக்கோ சென்றிருக்கலாம். ஹங்கேரி நாளிதழ்களிலோ கிளப்பின் அறிவிப்புகளிலோ உறுதியான செய்தி கிடைக்கும் வரை, இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை ஆடவில்லை என்று மட்டும் எழுதுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளில் ஆடச் செல்வோரும் உண்டு என்பதால், இடைவெளி செப்டம்பரில் தொடங்கிக் கோடையில் மட்டும் போட்டிகள் தென்பட்டால் அந்தத் திசையிலும் தேடலாம்.

எழுதும்போது

திரட்டிய அனைத்தையும் கட்டுரையாக்கும்போது ஆண்டு வாரியாகத் தோல்வி வெற்றிகளை அடுக்குவதைத் தவிருங்கள். படிகளை வைத்துப் பிரியுங்கள். ஐடிஎஃப் படியில் எத்தனை ஆண்டுகள், சாலஞ்சருக்கு எப்போது முதல் அடி, அங்கே நிலைத்தாரா, எப்போது திரும்பினார் என்ற வரிசையில் எழுதினால் வாசகருக்கு இயக்கம் புரியும். உச்சத் தரவரிசையைத் தரும்போது தேதியோடு தாருங்கள். அவர் அந்த இடத்தின் அருகே எத்தனை மாதங்கள் நின்றார் என்பதையும் சேர்த்துத் தாருங்கள். வென்றவற்றுள் தன்னைவிட நூறு இடங்கள் மேலே இருந்தவரை வென்ற ஆட்டங்களைத் தனியாகக் குறிப்பிடுங்கள். எதிராளியின் தரவரிசை அந்த வாரத்துக்குரியதாக இருக்க வேண்டும், இன்றைய தரவரிசையாக இருக்கக் கூடாது. பரிசுத்தொகையை எழுதினால் அது வரிக்கும் செலவுக்கும் முந்தைய தொகை என்பதை அதே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். "வெறும்", "மட்டுமே" போன்ற சொற்களை அவர் தொட்ட இடத்துக்கு முன்னால் போடாதீர்கள். உலகில் 400ஆம் இடத்தில் இருப்பவர் தன் தொழிலில் மிகத் தேர்ந்தவர்.

முடிவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கீழ்த்தட்டு வீரர்களில் பெரும்பாலோர் ஓய்வை அறிவிப்பதில்லை. ஒரு வாரம் தகுதிச் சுற்றில் ஆடுவார்கள். அதன்பின் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. 52 வாரங்களில் கடைசிப் புள்ளியும் கழிந்து தரவரிசையிலிருந்து பெயர் நீங்கிவிடும். பெயர் நீங்கிய நாளை ஓய்வு பெற்ற நாளாக எழுதுவது தவறு. கடைசியாக ஆடிய போட்டியின் ஊர், மாதம், சுற்று, எதிராளி ஆகியவற்றைத் தந்து, அதற்குப் பின் தொழில்முறைப் போட்டிகளில் அவர் ஆடியதாகப் பதிவில்லை என்று எழுதுங்கள். கிளப் லீக்கில் தொடர்ந்து ஆடினாலோ பயிற்சியாளராகப் பதிவு செய்துகொண்டிருந்தாலோ அதையும் அடுத்த வாக்கியமாகச் சேர்த்துவிடலாம். ஓராண்டு கழித்து அவர் ஓர் எம்15 தகுதிச் சுற்றில் மீண்டும் தோன்றினால், நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லையும் திரும்பப் பெற வேண்டியிராது.